ஒரு சனி, ரெண்டு பஞ்சாங்கம், நாலு நாள்

நாள் 1 – 2026 ஜனவரி 21, புதன். சென்னை டு பாண்டி

வாரநாள்ல எப்படி டூர் கிளம்பினன்னு கேப்பீங்க. லீவ் அப்ளை பண்ற தொல்லையே எனக்கு இல்ல, ஏன்னா அப்ளை பண்றதுக்கு ஆபீஸே இல்ல. போன ஜூன்ல ஒரு வீடியோ கால், பதினோரு நிமிஷம், பதினாலு வருஷ வேலை முடிஞ்சுது. சாஃப்ட்வேர் டெஸ்டிங். அன்னைக்கு சாயந்திரமே அம்மா என் ஜாதகத்த தூக்கிட்டு ஜோசியர் வீட்டுக்குப் போயிட்டு வந்து "மீன ராசிக்கு ஏழரை நடக்குதாம், திருநள்ளாறு போயிட்டு வந்துடலாம்டி"ன்னு ஆரம்பிச்சாங்க. ஏழு மாசமா இழுத்தடிச்சேன். கடைசியில ஒரு டீல் போட்டேன், நீ சொல்ற சனி கோயிலுக்கு நான் வரேன், நான் சொல்ற இடத்துல நீ வந்து அதே சனிய டெலஸ்கோப்ல பாக்கணும். ஜவ்வாது மலைல காவலூர்ல வேணு பாப்பு வானாய்வகம் இருக்கு, பொதுமக்கள உள்ள விடுவாங்க. அம்மா யோசிக்கவே இல்ல, "பாத்தா போச்சு, அவரும் நம்மள பாக்கட்டும்"னுட்டாங்க.

கார் சித்தப்பாவோடது. அவர பத்தி சொல்லணும். ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர், அப்பாவோட தம்பி, கல்யாணமே ராகுகாலத்துல பண்ணிக்கிட்டவரு. அப்பா போனப்புறம் அம்மாவுக்கும் அவருக்கும் வாரம் ஒரு சண்டை, வாரம் ரெண்டு தடவ சாம்பார் கேரியர்ல போகும். "டிரைவரா வரேன் அண்ணி, கோயில் வாசல்ல செருப்ப பாத்துக்கறேன், உள்ள மட்டும் கூப்பிடாதீங்க"ன்னாரு.

ஒரு சிக்கல். திருநள்ளாறுக்கு சனிக்கிழமைதான் விசேஷம். காவலூர்லயும் வெளியாளுங்கள சனிக்கிழமைதான் விடுவாங்க. சித்தப்பா சிரிச்ச சிரிப்புல கார் லேசா ஆடுச்சு, "கவர்மெண்ட் ஆபீஸர் மாதிரி வாரத்துக்கு ஒரு நாள்தான் பார்வையாளர் நேரம் வெச்சிருக்கான் பாரு." அம்மா தன் மூட்டுவலியையும் கோயில் கூட்டத்தையும் மனசுல கூட்டிக் கழிச்சுப் பாத்துட்டு, "வியாழக்கிழம குருவோட நாள், அதுவும் நல்லதுதான்"னு அவங்களே விட்டுக்குடுத்தாங்க.

மகாபலிபுரம் தாண்டினதும் பஞ்சாங்கச் சண்ட. தெரியாதவங்களுக்கு சொல்றேன், தமிழ்நாட்டுல திருக்கணிதம், வாக்கியம்னு ரெண்டு வகை பஞ்சாங்கம் இருக்கறதால சனிப்பெயர்ச்சி ரெண்டு தடவ நடக்கும். திருக்கணிதப்படி சனி 2025 மார்ச் 29லயே மீனத்துக்கு வந்தாச்சு. வாக்கியப்படி 2026 மார்ச் 6தான். திருநள்ளாறு கோயில் வாக்கியம்தான் பாக்கும், போன வருஷம் எல்லாரும் கிளம்பினப்ப எங்க கணக்குல இன்னும் பெயர்ச்சி ஆகலன்னு கோயில் தரப்புல சொல்லிட்டாங்க. ஒரே கிரகம், நடுவுல பதினோரு மாச வித்தியாசம்.

"அப்போ அண்ணி, இவ வேல போனது எந்த சனியால? திருக்கணிதம்னா சனி இவ ராசிலயே, ஜென்ம சனி. வாக்கியம்னா முந்தின ராசில, இன்னும் விரய சனி."

"ரெண்டுலயும் கஷ்டம்தான் தம்பி."

"அதான் கேக்கறேன், எந்த கணக்கு போட்டாலும் விடை சரியா வருதுன்னா, கணக்கு எதுக்கு?"

பின் சீட்ல நான் வாயத் தொறக்கல. டெஸ்டிங்ல இதுக்கு ஒரு கெட்ட பேரு உண்டு, எந்த இன்புட் குடுத்தாலும் பாஸ்னு காட்டுற டெஸ்ட் கேஸ். ஆனா அம்மா பக்கத்துக்கு என்கிட்டயும் ஒரு கணக்கு இருந்துச்சு. சனி சூரியன ஒரு சுத்து சுத்த 29 வருஷம் ஆறு மாசம் பக்கம் ஆகும். பன்னெண்டு ராசியால வகுத்தா ராசிக்கு ரெண்டரை வருஷம், மூணு ராசின்னா ஏழரை. முப்பது வருஷம் வாழ்ந்தவனும் இல்ல முப்பது வருஷம் தாழ்ந்தவனும் இல்லன்னு பாட்டி சொல்லும்ல, அந்த முப்பதும் இங்க இருந்து வந்திருக்கலாம்னு எனக்கு ஒரு சந்தேகம். சனைச்சரன்னா மெதுவா நடக்கிறவன்னு அர்த்தம், மந்தன்னும் பேரு. டெலஸ்கோப் இல்லாம ராத்திரி ராத்திரியா வெறுங்கண்ணால பாத்து இத யாரோ கண்டுபிடிச்சிருக்காங்கல்ல. அதுல பயம் எப்ப வந்து ஒட்டிச்சுங்கறதுதான் கேள்வி.

இன்னொன்னும் சொல்லணும். பஞ்சாங்கத்த வானத்தோட ஒத்துப் பாத்து திருத்தணும்னு மொதல்ல குரல் குடுத்தவங்கள்ல ஒருத்தர் நாத்திகர் இல்ல, நாமம் போட்டவரு. சிந்தாமணி ரகுநாதாச்சாரி, மெட்ராஸ் அப்சர்வேட்டரில வேல பாத்தவரு, 1867ல ஒரு மாறொளிர் நட்சத்திரத்த, அதாவது வெளிச்சம் கூடிக் கொறையற நட்சத்திரத்த, கண்டுபிடிச்சவரு. 1874ல வெள்ளி சூரியன கடக்கப் போகுதுன்னு ஜனங்களுக்குப் புரியற மாதிரி நம்ம மொழிகள்லயே புத்தகம் போட்டாரு. கண்ணுக்குத் தெரியற வானத்தோட ஒத்துப்போற பஞ்சாங்கம் வேணும்னு சொன்னதுக்கு வாக்கியக்காரங்ககிட்ட நல்லா வாங்கியும் கட்டிக்கிட்டாரு. அவர் வேல பாத்த அப்சர்வேட்டரியோட கருங்கல் தூண் நுங்கம்பாக்கம் வானிலை ஆபீஸ் காம்பவுண்டுல இன்னும் நிக்குது, தமிழ்லயும் பொறிச்சிருக்கும். அந்த ரோட்டுல பதினாலு வருஷம் ஆபீஸ் பஸ்ல போயிருக்கேன், ஒரு நாளும் எறங்கி பாத்ததில்ல.

சாயந்திரம் பாண்டி பீச்ல சுண்டல் தின்னுக்கிட்டே அம்மாவுக்கு லெ ஜான்டி கதை சொன்னேன். பிரெஞ்சு வானியல்காரன். 1761ல வெள்ளி கடக்கறத பாக்க பாண்டிச்சேரிக்கு கப்பல்ல வரான், வர்றதுக்குள்ள ஊரு இங்கிலீஷ்காரன் கைக்குப் போயிடுச்சு, நடுக்கடல்ல ஆடுற கப்பல்ல நின்னு பாத்து அளவு எடுக்க முடியல. எட்டு வருஷம் இந்தப் பக்கமே சுத்திட்டு 1769 ஜூன் 4 காலைல பாண்டில டெலஸ்கோப்ப நட்டு வெச்சு உக்காந்தா, மேகம் மூடிக்கிச்சு. நொந்துபோய் 1771ல ஊருக்குத் திரும்பினா, ஆள் செத்துட்டான்னு சொத்த பிரிக்க ஆரம்பிச்சிருக்காங்க.

"ஏழரை"ன்னாங்க அம்மா பட்டுனு. சித்தப்பாவாலயே சிரிப்ப அடக்க முடியல.

ஆனா அந்த ஆளு பாண்டில சும்மா இல்ல. இங்க இருந்த ஒரு தமிழர்கிட்ட கிரகணக் கணக்கு கத்துக்கிட்டான். பேப்பர் கிடையாது பேனா கிடையாது, தரைல சோழிய பரப்பி வெச்சுக்கிட்டு, மனப்பாடமா இருக்குற வாக்கியத்த சொல்லிக்கிட்டே முக்கால் மணி நேரத்துல கணக்க முடிக்கிறாங்க. 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடிக்கும்னு அந்த முறைல போட்டா 41 செகண்ட் கம்மியா வருது, ஐரோப்பாவுல பேர் போன டோபியாஸ் மேயர் அட்டவணப்படி போட்டா 68 செகண்ட் ஜாஸ்தியா வருது. சோழி ஜெயிச்சிடுச்சு. வாக்கியம்னா வெறும் சொல்லுதான், எழுத்துக்குள்ள எண்ண ஒளிச்சு வெச்ச மனப்பாட வரி. சந்திரனுக்கு மட்டும் 248 வரி இருக்கு.

சித்தப்பா இத எதிர்பாக்கல. ரொம்ப நேரம் கடல பாத்துட்டு, "சோழிக்காரன் வேற, சோழி குலுக்கிப் போட்டு குறி சொல்றவன் வேற"ன்னாரு. சரிதான். ஆனா ரெண்டு பேரும் ஒரே வீட்ல இருந்திருப்பாங்களேன்னு நான் நெனச்சேன், சொல்லல.

நாள் 2 – ஜனவரி 22, வியாழன். திருநள்ளாறு

அஞ்சு மணிக்கே கிளப்பிட்டாங்க. கடலூர், சிதம்பரம், சீர்காழி, காரைக்கால். வழியெல்லாம் பனி, வயல்ல கதிரு சாஞ்சு கெடந்துச்சு, அறுப்பு மெஷின் அங்கங்க நின்னுச்சு. சீர்காழில பொங்கல் நல்லா இருந்துச்சு, வட சுமார்.

திருநள்ளாறு எல்லைக்குள்ள நுழைஞ்சதும் சித்தப்பா வண்டிய ஓரங்கட்டினாரு. போன எடுத்து மேப்ப தொறந்து டாஷ்போர்டுல நிக்க வெச்சு, திரும்ப மெதுவா வண்டிய எடுத்தாரு. நீலப் புள்ளி ஒழுங்கா எங்க கூடவே வந்துச்சு.

"பாருங்க அண்ணி. சாட்டிலைட்டு நிக்கல."

அந்த ஃபார்வர்டு உங்களுக்கும் வந்திருக்கும். திருநள்ளாறுக்கு மேல வரும்போது செயற்கைக்கோள் எல்லாம் மூணு செகண்டு ஸ்தம்பிச்சுடுதாம், நாசாவே ஆடிப்போயி விஞ்ஞானிங்கள அனுப்பி கோயில்ல கும்பிட்டுட்டுப் போனாங்களாம். பல வருஷமா சுத்துது, இதுக்கும் ஒரு சனிதசை போல. கீழ்ச்சுற்றுல போற ஒரு செயற்கைக்கோள் செகண்டுக்கு ஏழரை கிலோமீட்டர் ஓடும் (ஆமா, அதுவும் ஏழரைதான்), மூணு செகண்டுல காரைக்கால்ல இருந்து நாகப்பட்டினம் தாண்டிடும். அந்த வேகத்துலதான் அது மேல தங்கியிருக்கு, நெசமாவே நின்னா கீழ விழுந்துடும். ஒரே எடத்துல நிக்கற மாதிரி தெரியற வகை எல்லாம் பூமத்திய ரேகைக்கு மேலதான் இருக்கும், திருநள்ளாறு தலைக்கு மேல வராது.

அம்மா அமைதியா, "நான் எப்ப தம்பி நிக்கும்னு சொன்னேன்? இத எனக்கு அனுப்பினது உங்க புள்ள. பெங்களூர்ல இஞ்சினியரு"ன்னாங்க.

அப்புறம் ஒரு ரெண்டு கிலோமீட்டருக்கு கார்ல யாருமே பேசல.

இந்த எடத்துல எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. கும்பிடறவங்கள பாத்து எனக்குக் கோவம் வர்றதில்ல. 2023ல சந்திரயான் 3 கிளம்பறதுக்கு முன்னாடி விஞ்ஞானிங்க ராக்கெட்டோட சின்ன மாடல எடுத்துட்டு திருமலைக்குப் போனாங்கன்னு பெரிய விவாதம் ஆச்சு. போனாங்க, கும்பிட்டாங்க, ஆனா திரும்பி வந்து எரிபொருள் கணக்க யாரும் பெருமாள்கிட்ட விடல, கணக்கு கணக்காத்தான் போட்டாங்க. எனக்கு எரிச்சல் அந்த ஃபார்வர்டு ஆளுங்க மேலதான். சாமிக்கு நாசா சர்டிஃபிகேட் வாங்கித் தர்றவனுக்கு சாமி மேலயும் நம்பிக்க இல்ல, நாசா என்ன செய்யுதுன்னும் தெரியல. அம்மாவுக்கு அந்த சர்டிஃபிகேட் தேவைப்படவே இல்ல பாருங்க.

நள தீர்த்தம். நளன் குளிச்சு சனி விட்ட குளம். வியாழக்கிழமைங்கறதால கூட்டம் கம்மி. எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சுட்டு உடுத்தின துணிய அங்கயே விட்டுட்டு வரணும்னு ஒரு வழக்கம், தண்ணில போடாதீங்கன்னு சொல்லிக்கிட்டேதான் இருக்காங்க, ஆனாலும் படிக்கட்டு ஓரமா ஒரு நீல சுடிதார் மிதந்துச்சு, யாரோ புதுசா வாங்கி ஒரு தடவ போட்டுட்டு விட்டிருக்காங்க. எள்ளுப் பொட்டலம் விக்கிற ஒருத்தர் என்ன பாத்த உடனே "ஜென்ம சனியா மேடம், முகத்துலயே தெரியுது"ன்னாரு. இருவது ரூபா பொட்டலத்துக்கு நூத்தம்பது கேட்டாரு. அம்மா பேரம் பேசி முப்பதுக்கு முடிச்சாங்க. பக்தி வேற, பேரம் வேற.

அம்மா என் தலைல நல்லெண்ணெய் வெச்சாங்க. படில நான் கீழ, அவங்க மேல. ரொம்ப வருஷம் ஆச்சு அவங்க என் தலைல கை வெச்சு. உள்ளங்கையால உச்சில தட்டித் தட்டி வெச்சாங்க, ஸ்கூல் படிக்கறப்ப சனிக்கிழமைக்கு சனிக்கிழம வெப்பாங்களே, அதே மாதிரி. சனி நீராடுன்னு ஔவையாரு சொன்னதுல கிரகமும் இருக்கோ இல்லையோ, எங்க வீட்ல கண்டிப்பா எண்ணெய் இருந்துச்சு.

"ஏம்மா, நெசமாவே இதுனால வேல கெடைக்கும்னு நம்பறியா?"

கை நிக்கல. "நார்லிகர்னு ஒருத்தரு ஏதோ டெஸ்ட்டு வெச்சாருன்னு உங்க சித்தப்பா நேத்து ராத்திரி சொன்னாருல்ல."

ஆமா, ஓட்டல்ல சாப்பிடறப்ப சொன்னாரு. வானியல் விஞ்ஞானி ஜயந்த் நார்லிகர், புனேல 2008ல வெச்ச பரிசோதன. நல்லாப் படிக்கிற புள்ளைங்க ஜாதகம் நூறு, மூளை வளர்ச்சி கொறஞ்ச புள்ளைங்க ஜாதகம் நூறு, கலந்து ஆளுக்கு நாப்பதா 27 ஜோசியருங்ககிட்ட குடுத்து எது எதுன்னு பிரிக்கச் சொன்னாங்க. 46 சதவீதம் சரி. காசு சுண்டிப் போட்டாலே அம்பது வரும்.

"அத கேட்டதுல இருந்து யோசிச்சேன். சரிதான் போல. ஆனா நான் அங்க கணக்கு பாக்கவா போனேன்? அன்னைக்கு நீ ரூம சாத்திக்கிட்டு உக்காந்த. சாப்பிடல. உன் கம்பெனி எங்க இருக்கு, யார்கிட்ட பேசணும், எனக்கு என்ன தெரியும்? எனக்குத் தெரிஞ்ச ஒரே ஆபீஸு இதுதான். இங்க வந்து மனு குடுத்தேன்."

அப்புறம் "கண்ண மூடு, எண்ணெய் எறங்கும்"னாங்க. நல்லவேள, மூடிக்கிட்டேன்.

உள்ள மூலவர் தர்ப்பாரண்யேஸ்வரர், சனி தனி சன்னதில. நளன தொரத்திட்டு வந்த சனி சிவனுக்கு பயந்து வாசல்லயே நின்னுட்டாருன்னு ஐதீகம். அவருக்குத்தான் இன்னைக்கு உள்ள இருக்கறவர விட கூட்டம். செருப்பு பாத்துக்கறேன்னு சொன்ன சித்தப்பா எங்க பின்னாடியே உள்ள வந்துட்டாரு, கேட்டா "வெயிலு"ன்னாரு. காலைல ஒம்போதரை மணிக்கு என்ன வெயிலு.

ஒரு வயசானவரு தூண் ஓரமா உக்காந்து கோளறு பதிகம் பாடிக்கிட்டு இருந்தாரு. "ஆசறு நல்ல நல்ல"ன்னு வரவும் சித்தப்பா வாய் தானா முணுமுணுத்துச்சு. நான் திரும்பிப் பாத்தேன். "என்ன பாக்கற? எதுத்துப் பேசணும்னா முழுசா படிச்சிருக்கணும்"னாரு. அப்புறம் வெளிய வந்து அம்மாகிட்ட ஆரம்பிச்சாரு, சம்பந்தர் மதுரைக்குக் கிளம்பறப்ப அப்பர் நாளும் கோளும் சரியில்லன்னு தடுக்கறாரு, அதுக்குத்தான் சம்பந்தர் சனி ராகு கேது எல்லாம் அடியாருக்கு நல்லதுதான் செய்யும்னு பாடிட்டு கிளம்பிடறாரு. "இங்க இருந்து ஒரு எட்டுல வேதாரண்யம், அங்க நடந்தது. உங்க சம்பந்தரே சனிய கண்டுக்காதன்னு சொல்லிட்டாரு, அப்புறம் எதுக்கு அண்ணி எள்ளுப் பொட்டலம்?"

அம்மா: "அவரு சம்பந்தரு. நாம சம்பந்தி வீட்டுக்குப் போறதுக்கே நல்ல நேரம் பாக்கறவங்க."

சம்பந்தர் திருநள்ளாறுக்குப் பாடின பதிகத்துக்கும் ஒரு கதை உண்டு. மதுரைல சமணர்களோட அனல் வாதம், அவங்க ஏடும் தீயில, சம்பந்தர் ஏடும் தீயில, திருநள்ளாறு பதிக ஏடு மட்டும் வேகாம பச்சையா வந்துச்சாம். பச்சைப் பதிகம்னே பேரு. எனக்கு அதுல புடிச்சது என்னன்னா, அற்புதத்த சொல்றப்ப கூட நம்மாளுங்க ரெண்டு தரப்புக்கும் ஒரே தீ, பொதுவுல ராஜா சாட்சின்னு டெஸ்ட் மாதிரியேதான் சொல்லியிருக்காங்க. சாம்பிள் ஒண்ணே ஒண்ணுதான், ரிப்போர்ட் எழுதினதும் ஜெயிச்ச பார்ட்டி, அத விடுங்க.

நாள் 3 – ஜனவரி 23, வெள்ளி. ரோடு, ரோடு, திருவண்ணாமலை

இன்னைக்கு எழுத அதிகமா ஒண்ணும் இல்ல. விருத்தாசலம் தாண்டி டயர் பஞ்சர். அம்மா "சனி"ன்னு ஆரம்பிக்கறதுக்குள்ள சித்தப்பா டயர்ல இருந்து புடுங்கின மூணு இஞ்ச் சமாச்சாரத்த தூக்கிக் காட்டி "சனி இல்ல அண்ணி, ஆணி"ன்னாரு. இத சொல்றதுக்காகவே ரிட்டயர் ஆனதுல இருந்து காத்துக்கிட்டு இருந்திருப்பாரு. பஞ்சர் கடைக்காரர் வாசல்ல எலுமிச்சம்பழமும் மொளகாவும் தொங்குச்சு, உள்ள கம்ப்ரஷர்ல பிரஷர் மீட்டர் சுத்தமா தொடச்சு பளபளன்னு இருந்துச்சு. ரெண்டுல எது வேல செய்யுதுன்னு அவர்கிட்ட கேக்கணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு, எரநூறு ரூபா குடுத்துட்டு வந்துட்டோம்.

திருவண்ணாமலை ஓட்டல் மொட்டமாடி. ஆறே முக்கா இருக்கும், மேக்கால பிறை, அதுக்குப் பக்கத்துலயே மினுக்காம ஒரு மஞ்சப் புள்ளி. "அம்மா, அதான்." அம்மாவுக்கு நம்பிக்கையே வரல. அறுவத்தெட்டு வருஷமா இந்தாளுக்கு எள்ளு விளக்கு ஏத்தியிருக்காங்க, மொத தடவயா இன்னைக்குத்தான் நேர்ல பாக்கறாங்க. "இவ்வளவு சாதுவா இருக்காரே"ன்னாங்க.

நான் கைய நீட்டி முஷ்டிய மடக்கிக் காட்டினேன். வானத்துல ஒரு முஷ்டி அகலம் சுமார் பத்து டிகிரி. ராசி ஒண்ணுக்கு முப்பது, அதாவது மூணு முஷ்டி. வர்ற மார்ச் 6 அன்னைக்கு வாக்கியக் கணக்கு சனி இப்பத்தான் மீன வாசப்படில கால் வெக்கறாருன்னு சொல்லும், திருக்கணிதப்படி அவரு அதுக்கு எட்டு டிகிரி உள்ள போயிருப்பாரு. கிட்டத்தட்ட ஒரு முஷ்டி தப்பு. சோழிக்காரங்க தப்பா கணக்கு போடல, பழைய அளவு அது, நூறு நூறு வருஷமா கொஞ்சம் கொஞ்சமா சேந்த பிசகு, நடுவுல யாராவது மொட்டமாடிக்கு வந்து முஷ்டிய நீட்டிப் பாத்திருந்தா திருத்தியிருக்கலாம். பஞ்சாங்கத்த திருத்தறதுக்கு விஞ்ஞானி மேக்நாத் சாஹா தலைமைல 1952ல கவர்மெண்ட் கமிட்டி போட்டு 1955ல ரிப்போர்ட் குடுத்து ராஷ்டிரிய பஞ்சாங்கம்லாம் வந்துச்சு, நம்மூர்ல காலண்டர் வாங்கறப்ப யாரும் அத கேக்கறதில்ல.

அம்மாவும் ஒரு கண்ண மூடிக்கிட்டு முஷ்டிய நீட்டிப் பாத்தாங்க. "இத ஏன் யாரும் எங்களுக்கு சொல்லித்தரல?"

சித்தப்பா அதுக்குள்ள ஒரு ஆளு கூட ஓட்டல் பில்லுல ஜிஎஸ்டி பத்தி சண்ட போடக் கீழ போயிட்டாரு.

நாள் 4 – ஜனவரி 24, சனி. காவலூர்

போளூர், அப்புறம் மலை ஏத்தம், ஜமுனாமரத்தூர். வளைவுக்கு வளைவு அம்மா "முருகா", சித்தப்பா "செகண்ட் கியரு". ஜமுனாமரத்தூர்ல சாமை சோறு சாப்பிட்டோம், மலைக்காரங்க விளைவிக்கறது, மட்டன் கொழம்பு. சனிக்கிழமை அம்மாவுக்கு மட்டும் ரசம்.

காவலூர் மூணரைக்கு. மரத்துக்கு நடுவுல வெள்ள வெள்ளயா கும்மட்டம். கொடைக்கானல்ல மேகம் தொல்ல குடுக்குதுன்னு வானியல் விஞ்ஞானி வேணு பாப்பு எடம் தேடி அலைஞ்சு இந்த எடத்த புடிச்சு, 1968ல 38 சென்டிமீட்டர் டெலஸ்கோப்போட ஆரம்பிச்சது. பெருசு 2.34 மீட்டர், கண்ணாடிய நம்மளே தேய்ச்சு எடுத்தது, 1986 ஜனவரில தொடங்கி வெச்சாங்க. பாப்பு அதுக்கு முன்னாடியே 1982ல இறந்துட்டாரு. அந்தக் கும்மட்டத்துக்குள்ள நுழைஞ்சதும் எல்லாரும் தானா மெதுவா பேச ஆரம்பிச்சிட்டாங்க, யாரும் சொல்லல. அம்மா அண்ணாந்து பாத்துக்கிட்டே நின்னாங்க, கழுத்து வலிக்கும்மான்னாலும் கேக்கல.

சுத்திக் காட்டினவரு நல்லா பேசினாரு. 1977 மார்ச் 10 ராத்திரி யுரேனஸ் ஒரு நட்சத்திரத்த மறைக்கறப்ப அந்த வெளிச்சம் மறையறதுக்கு முன்னாடியே படக்குனு கொறஞ்சத இங்கயும் பதிவு பண்ணாங்க, யுரேனஸுக்கு வளையம் இருக்குன்னு உலகத்துக்குத் தெரிஞ்ச ராத்திரி அது. 1988ல இங்க கண்டுபிடிச்ச ஒரு சிறுகோளுக்கு ராமானுஜன்னு பேரு வெச்சிருக்காங்க, நம்பர் 4130.

அம்மா உடனே, "கணக்கு ராமானுஜன் தானே? நாமக்கல் நாமகிரித் தாயார் கனவுல வந்து அவருக்கு கணக்கு சொல்லிக் குடுப்பாங்களாம்"னு என்கிட்ட சொன்னாங்க. கொஞ்சம் சத்தமாவே. நான் சித்தப்பாவ பாத்தேன், வெடிப்பாருன்னு.

"சொன்னாங்க அண்ணி, ஆனா கேம்பிரிட்ஜ்ல கணக்கு நிபுணர் ஹார்டி, தாயார் சொன்னாங்கன்னு விட்டுடல, நிரூபணம் எங்கன்னு கேட்டாரு." ஒரு நிமிஷம் கழிச்சு அவரே, "கேக்கறதுக்கு முன்னாடி அந்த விடை எங்க இருந்தோ வரணும்ல, அதுவும் நெசம்தான்"னாரு. அவர் வாயில இருந்து இப்படி ஒண்ணு வந்தத நான் தேதி போட்டு எழுதி வெக்கறேன்.

ராத்திரி பாக்கறதுக்கு இன்னும் நேரம் இருந்துச்சு, வெளிய வந்து ரோட்டோர டீக்கடை. ஆறு மணி பஸ் வந்து நின்னுட்டுப் போச்சு. இன்னும் வெளிச்சம் இருந்துச்சு, சனி எங்கயோ மேக்கால கண்ணுக்குத் தெரியாம இருந்திருப்பாரு. சித்தப்பா டீ கிளாஸ அந்தப் பக்கமா தூக்கி, "டேய் சனி, எங்க வீட்டுப் பொண்ணு வேலைல கை வெச்சியாமே, தைரியம் இருந்தா என்கிட்ட வாடா"ன்னாரு. டீ மாஸ்டர் சிரிச்சாரு. அம்மா சிரிக்கல. "தம்பி, விளையாட்டுக்குக் கூட வேணாம்"னாங்க. கன்னத்துல போட்டுக்கிட்டாங்க, அவர் சார்பா.

ஏழு மணிக்கு மேல திரும்ப உள்ள. டார்ச் அடிக்கக்கூடாது, போன் வெளிச்சம் கூடாது. எங்க டர்ன் வர்றதுக்குள்ள நல்லா இருட்டு, கெழக்கால வியாழன் விளக்கு மாதிரி, மேல பிறை. ஸ்கூல் பசங்க ஒரு கூட்டம், ஒவ்வொருத்தனும் பாத்துட்டு "டேய்"னு மட்டும் சொல்லிட்டு நகந்தான். பொதுமக்களுக்குன்னு தனியா வெச்சிருக்கற சின்ன டெலஸ்கோப்புதான், பெருசுல கண்ணு வெக்க விட மாட்டாங்க.

அம்மா ஸ்டூல் மேல ஏறினாங்க. ஒரு கைய என் தோள்ல வெச்சுக்கிட்டாங்க. ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லல.

"ஆடறாரே."

"அவரு ஆடலம்மா, நடுவுல இருக்குற காத்து ஆடுது"ன்னாரு அங்க இருந்தவரு.

"வளையம்னு சொன்னாங்களே, ஒரு ஊசி குத்தின மாதிரில்ல இருக்கு."

அது இப்ப அப்படித்தான். பதினஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவ வளையம் நமக்கு விளிம்ப மட்டும் காட்டும், போன மார்ச்ல சுத்தமா மறைஞ்சே போயிருந்துச்சு, இப்ப மெல்ல திரும்பிக்கிட்டு வருது. நானும் பாத்தேன், வெளிர் மஞ்ச உருண்ட, குறுக்க ஒரு கோடு, தள்ளி ஒரு புள்ளி, அது சனியோட பெரிய நிலா டைட்டன். படத்துல ஆயிரம் தடவ பாத்ததுதான், ஆனாலும் வயித்துல ஒரு மாதிரி ஆச்சு.

அம்மா அந்த ஸ்டாஃப்ப விடல. "சார், இவரு இப்ப எந்த ராசில இருக்காரு?" பின்னாடி பசங்க கெக்கெக்கேன்னாங்க. அவரு மொறைக்கல, சிரிக்கவும் இல்ல. "எங்க வரைபடத்துல ராசிங்க சமமா இருக்காதும்மா, ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசு. அதுப்படி பாத்தா இப்ப கும்பமும் மீனமும் ஒட்டற எல்லை கிட்ட நிக்கறாரு."

"அப்போ ரெண்டு பஞ்சாங்கமும் சரின்னு சொல்லுங்க."

இல்லம்மா, அது வேற எல்லை, வானியல்காரங்க உலகம் முழுக்க ஒத்துக்கிட்டு வரைஞ்ச கோடு, பஞ்சாங்க ராசிக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லன்னு நான் ஆரம்பிச்சேன், அம்மா அதுக்குள்ள சித்தப்பாவ ஸ்டூல் பக்கம் தள்ளிக்கிட்டு இருந்தாங்க. அவரு குனிஞ்சு பாத்தாரு. பாத்துக்கிட்டே இருந்தாரு. பின்னாடி நின்ன பையன் "தாத்தா"ன்னு கூப்பிட்டப்புறம்தான் நிமிந்தாரு. ஒண்ணும் சொல்லல, கண்ணாடிய கழட்டி வேட்டில தொடச்சாரு.

"சார், அங்க இருந்து வெளிச்சம் வர எவ்வளவு நேரம் ஆகும்?" இது பசங்கள்ல ஒருத்தன்.

"இன்னைக்கு இருக்கற தூரத்துக்கு ஒரு மணி இருபத்திநாலு நிமிஷம் பக்கம். நீங்க இப்ப பாக்கறது ஆறு மணி சுமாருக்கு அங்க இருந்து கிளம்பின வெளிச்சம்."

அம்மா விரல மடக்கி எண்ணினாங்க. அப்புறம் என் காதுகிட்ட வராம, சித்தப்பாவுக்குக் கேக்கற மாதிரியே கேட்டாங்க: "அப்போ இங்க இருந்து அங்க போகவும் அவ்வளவு நேரம்தானே? தம்பி டீக்கடைல சொன்னது இப்பத்தான் அவருக்குப் போய்ச் சேருமா?"

சித்தப்பா இருட்டுல வாட்ச கண்ணுக்குக் கிட்ட கொண்டுபோய் மணி பாத்தாரு.